வைன் கிளாஸில் விழும் குட்டி ஈ: அவற்றை வளர்த்துப் பிழைத்தவன் பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வீடு மாறி நான்கு மாதமாகிறது. சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கிளாஸ் ரெட் வைன் குடிப்பது வழக்கம். ஊற்றிய ஐந்தாவது நிமிடம் கடுகளவு ஈ ஒன்று வந்து விளிம்பில் உட்காரும். பத்தாவது நிமிடம் இரண்டு மிதக்கும். கொசு ஸ்பிரே, கற்பூரம், கிராம்பு குத்திய எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. உரக்கடையில் மாந்தோப்புக்கு விற்கிற பழ ஈப் பொறியை வாங்கி மாட்டியும் ஒன்றுகூட விழவில்லை. சேலத்தில் இருந்தவரை இப்படி ஒரு தொல்லையே கிடையாது, இங்கே மட்டும் ஏன்?

அவசரக்காரர்களுக்கு முதலில். கிளாஸை மூடுங்கள், இருட்டிய பிறகு ஊற்றுங்கள், நாலு எட்டு தள்ளி அவற்றுக்கென்று ஒரு கிளாஸ் வையுங்கள். இந்த மூன்றும் இன்றைக்கே பலன் தரும். ஆனால் அவை முட்டையிட்டுப் பெருகுகிற இடம் உங்கள் வீட்டிலேயே எங்கேயோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காதவரை நாளைக்கும் வரும், நாளன்றைக்கும் வரும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், ஊரெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் ஈ வளர்த்துச் சம்பளம் வாங்கினவன். சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். மரபியல் செய்முறை வகுப்புக்கு இதே ஈதான் வேண்டும். டிரோசோபிலா என்று பெயர். ரவை, வெல்லம், அகர் மூன்றையும் கஞ்சியாகக் காய்ச்சி, பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் புரோபியானிக் அமிலம் விட்டு, ஆறியதும் மேலே ஈஸ்ட் தூவி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்து வளர்ப்போம். அமெரிக்காவில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-இல் வெள்ளைக் கண் ஈ ஒன்றைப் பார்த்து, அதிலிருந்து நூல் பிடித்துப் போய், மரபுக்கூறுகள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்று நிறுவி 1933-இல் நோபல் பரிசு வாங்கினார். அவர் வளர்த்ததும் பால் பாட்டிலில்தான். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் பஞ்சைச் சரியாக அடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் மறுநாள் ஆசிரியர் அறையில் வாழைப்பழத் தோல் இருக்கிற கூடையைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் ஒரு சின்ன வீடு, சுற்றிக் கொஞ்சம் காப்பிச் செடி என்று வந்து உட்கார்ந்தால், இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டன. இந்த முறை சம்பளம் இல்லை.

சரி, உங்கள் பொறி ஏன் வேலை செய்யவில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பெயர்க் குழப்பம்தான் காரணம். சேலத்து மாம்பழ விவசாயி ‘பழ ஈ’ என்று சொன்னால் அது வேறு பூச்சி. வீட்டு ஈயின் பருமன் இருக்கும், உடம்பில் மஞ்சள் பட்டை ஓடும், காய் கெட்டியாக இருக்கும்போதே ஊசி மாதிரி குத்தி உள்ளே முட்டை வைக்கும். மல்கோவாவை அறுத்தால் உள்ளே நெளிகிறதே, அந்தப் புழு இதனுடையது. தோப்பில் மாட்டுகிற பொறியில் இருப்பது மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள். அது அந்தப் பெரிய ஈயின் ஆண்களை மட்டும் இழுக்கும். உங்கள் கிளாஸுக்கு வருவது வேறு குடும்பம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், தேன் நிற உடம்பு, செங்கல் சிவப்பில் கண். இதற்கு மீத்தைல் யூஜினால் பச்சைத் தண்ணீர் மாதிரி. நல்ல காய்க்குள் இது முட்டை வைக்காது. கனிந்து, தோல் பிளந்து, புளிக்க ஆரம்பித்ததைத்தான் தேடும். அதனால் ஆங்கிலத்தில் வினிகர் ஈ என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். உண்மையான பெயர் அதுதான்.

வேறு இரண்டு குட்டிப் பூச்சிகளையும் விலக்கிவிடுங்கள். குளியலறைச் சுவரில் சிறகை விரித்து, மயிர் அடர்ந்து, குட்டி விட்டில் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது சாக்கடை ஈ. பூந்தொட்டி மண்ணிலிருந்து கறுப்பாக, ஒல்லியாக, நீண்ட காலோடு கிளம்புவது பூஞ்சைக் கொசு. தொட்டிக்குத் தண்ணீர் குறைத்தாலே அடங்கிவிடும். இவை வழி தவறிக் கிளாஸில் விழலாமே தவிர, வைனைத் தேடி வருவதில்லை. விளிம்பில் உட்கார்ந்து, முன்னங்காலைத் தேய்த்து, அப்புறம் மெதுவாக உள்சுவரில் இறங்குகிறதா? அப்படியென்றால் நம் ஆள்தான்.

அடுத்து, ஏன் சேலத்தில் இல்லை, ஏற்காட்டில் இருக்கிறது? ஆய்வகத்தில் எங்களுக்கு இதற்கு நேர்மாறான கவலை இருந்தது. ஏப்ரல், மே வந்தால் சேலத்து வெயிலில் பாட்டிலில் இருக்கிற ஈயெல்லாம் செத்துப்போகும். சாகாமல் இருப்பவையும் முட்டையிட்டால் பொரியாது. 30 டிகிரியைத் தாண்டினால் இந்த ஈயில் ஆண்கள் மலடாகத் தொடங்கும். அகலத் தட்டில் மணல் கொட்டி, தண்ணீர் தெளித்து, அதற்குள் பாட்டில்களைப் புதைத்து வைத்துக் காப்பாற்றுவோம். ஆராய்ச்சிக்கூடங்களில் இவற்றை 25 டிகிரி வைத்த பெட்டியில் வளர்ப்பார்கள். அந்தச் சூட்டில் முட்டை ஒரே நாளில் பொரிந்து, புழுவாகி, கூடாகி, பத்தாம் நாள் ஈயாகப் பறக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால், கோடையிலும் முப்பதைத் தொடத் தயங்குகிற ஊர் இது. அந்தப் பெட்டியைச் செலவில்லாமல் மலையாகவே வைத்திருக்கிறோம். போதாக்குறைக்குப் பலா, வாழை, ஆரஞ்சு, கொய்யா, காப்பிப் பழம். ஒன்று முடிய ஒன்று என்று வருடம் முழுக்க எதாவது ஒன்று மரத்தடியில் விழுந்து புளித்துக்கொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது மட்டும் பறக்கத் தெம்பில்லாமல் எங்கேயாவது ஒடுங்கிக் கிடக்கும்.

வைன் என்ன பாவம் செய்தது என்றால், அது புளித்த பழச்சாறு. நமக்கு அது பாட்டிலில் அடைத்த நாகரிகம். ஈக்கு அது நன்றாக அழுகிய திராட்சைக் குலை. உண்மையில் அது தேடுவது பழத்தைக்கூட அல்ல, பழத்தின் மேல் வளர்கிற ஈஸ்டை. குஞ்சுப் புழுக்களுக்குச் சாப்பாடே ஈஸ்ட்தான். இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஈஸ்டுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. ஒரு பழம் தீர்ந்தால் அடுத்த பழத்துக்குப் போக வண்டி வேண்டும். அந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தத்தான் வாழைப்பழ வாசனை அடிக்கிற எஸ்டர்களை அது வெளியே விடுகிறது. 2014-இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் அந்த வாசனையைத் தயாரிக்கிற ஒரே ஒரு மரபணுவை ஈஸ்டிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஈக்கள் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. பஸ் நிற்காத ஸ்டாப் ஆகிவிட்டது. வைனில் அந்த எஸ்டர்கள் இருக்கின்றன, 12, 13 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, ஒரு துளி அசிட்டிக் அமிலமும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் அவற்றுக்குக் கல்யாணச் சாப்பாட்டு மணம்.

ஆல்கஹாலைக் கண்டு அவை பயப்படுவதில்லை. அதைச் செரிக்கிற நொதி உடம்பிலேயே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் ஒரு சோதனை செய்தார்கள். பெண் ஈக்களால் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்ட ஆண் ஈக்கள், ஜோடி கிடைத்த ஆண்களைவிட அதிகமாக ஆல்கஹால் கலந்த தீனியைத் தேடிப் போனதாம். தாடி வளர்க்கத்தான் வழியில்லை.

இனி, ‘ஒரு ஈ விழுந்தால் என்ன, விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்க வேண்டியதுதானே’ என்று கேட்பவர்களுக்கு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2018-இல் சுவீடன் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வந்தது. இந்த இனத்துப் பெண் ஈ தன் உடம்பிலிருந்து ஒரு வாசனைப் பொருளை வெளியிடுகிறது, ஆண் வெளியிடுவதில்லை. ஜெர்மனியின் பாடன் வட்டாரத்து வைன் ருசிபார்ப்பவர்களை உட்கார வைத்துச் சோதித்தால், ஒரு கிளாஸில் 1 நானோகிராம் இருந்தாலே அவர்கள் மூக்கு பிடித்துவிட்டது. அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு பெண் ஈ விழுந்து கொஞ்ச நேரம் மிதந்தாலே அந்த அளவு சேர்ந்துவிடும். ஈயை எடுத்தாலும் வாசனை போகாது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? வீட்டில் செய்து பார்த்தேன். பெண் ஈயைக் கண்டுபிடிப்பது எளிது: கொஞ்சம் பெரிதாக, வயிற்று நுனி வரியோடு கூராக இருக்கும், ஆணுக்கு நுனி மழுங்கிக் கறுப்பாக இருக்கும். மூன்று கிளாஸில் ஒரே வைன், ஒன்றில் மட்டும் பெண் ஈயைப் பத்து நிமிடம் மிதக்க விட்டு எடுத்துவிட்டேன். என் மனைவி வைன் தொடமாட்டாள், ஆனால் சாம்பார் ஊசிப்போகப் போகிறது என்பதை அரை நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிற மூக்கு. மூன்றையும் மோந்து பார்த்துவிட்டு, நடுவில் இருந்ததைத் தள்ளிவைத்தாள். “இதுல என்னமோ மூட்டைப்பூச்சி நசுக்கின மாதிரி இருக்கு, என்னங்க போட்டீங்க?” அதிலிருந்து பெண் ஈ விழுந்த கிளாஸை நான் குடிப்பதில்லை.

ஆகவே மூடுவது. வைன் குடிக்கிற நாடுகளில் இதற்கென்று மணி கோத்த துணி, கண்ணாடி வில்லை எல்லாம் விற்கிறார்கள். நமக்கு அதெல்லாம் வேண்டாம். காப்பி ஃபில்டரின் மேல் மூடி இருக்கிறதே, நடுவில் குமிழ் வைத்தது, அது பெரும்பாலான வைன் கிளாஸ் வாயில் பொருத்தமாக உட்காரும். டபராவைக் கவிழ்த்தும் பார்த்தேன், உயரமான காம்பு வைத்த கிளாஸ் தலைபாரம் தாங்காமல் ஆடுகிறது. ஒருமுறை சாய்ந்து மேஜை விரிப்பு போனது. ஃபில்டர் மூடியை மட்டும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் வைனுக்கு டிகாஷன் மணம் ஏறும். துணியால் மூடுவதாக இருந்தால் நெருங்கிய நெசவாக இருக்கட்டும். கொசுவலைக் கண்ணி வழியாக இவற்றில் சில நெளிந்து நுழைந்துவிடும். அந்தக் காலத்தில் கள்ளுக் கலயத்தில் விழுந்த ஈயையும் தூசியையும் பன்னாடையால் வடிகட்டினார்கள். கள்ளை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அது திட்டுகிற சொல்லாகவே ஆனது. வைனுக்கு அந்த வழி உதவாது. மேலே சொன்னேனே, ஈயை வடிகட்டலாம், வாசனையை வடிகட்ட முடியாது.

சிலர் கிளாஸைச் சின்னதாக, வாய் குறுகலாக வாங்கினால் போதும் என்பார்கள். போதாது. குறுகிய வாயில் வாசனை இன்னும் திரண்டு வரும். உள்ளே போனது வெளியே வர வழி தெரியாமல் விழுந்து சாகும். அகன்ற கிளாஸில் சில சமயம் தப்பித்தாவது போகும்.

அப்புறம் நேரம். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்கு மிகவும் உதவியது இதுதான். இந்த ஈக்கு நாள் முழுக்க ஒரே சுறுசுறுப்பு கிடையாது. விடியும்போது ஒரு சுற்று, பொழுது சாயும்போது ஒரு சுற்று. நடுப்பகலில் தூக்கம், இருட்டிய பின் மறுபடி ஒடுக்கம். உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம் அது. கலிபோர்னியாவில் 1971-இல் கொனோப்காவும் பென்சரும் அந்தக் கடிகாரத்தின் மரபணுவை இதே ஈயில்தான் முதலில் பிடித்தார்கள். அதைத் தொடர்ந்து பிரித்து மேய்ந்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல். நமக்கும் அதே கடிகாரத்தின் உறவுக்காரக் கடிகாரம்தான் ஓடுகிறது. உங்கள் சாயங்கால வைனும் அவற்றின் சாயங்காலச் சுற்றும் ஒரே நேரம், அதுதான் பிரச்சினை. சூரியன் மறைகிறபோது ஒரு காப்பி குடியுங்கள். நன்றாக இருட்டி ஒரு அரை மணி ஆனபின் வைனை ஊற்றுங்கள். வராந்தா விளக்கை நேர் மேலே எரியவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டுப்போகும். வெளிச்சத்தில் அவை விழித்துக்கொண்டிருக்கும். விளக்கைச் சுவரோரம் தள்ளி வையுங்கள்.

இல்லை, சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு குடிக்கத்தான் மலையேறி வந்தோம் என்றால் (நியாயம்தான்), ஈக்களுக்கென்று தனியாகப் பலிகிளாஸ் ஒன்று வேண்டும். பாட்டிலின் அடியில் மிஞ்சிய பழைய வைன் மூன்று ஸ்பூன், ஒரு ஸ்பூன் வினிகர். வைன் மட்டும், வினிகர் மட்டும் என்று வைப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் இழுப்பு அதிகம். நம் மளிகைக் கடை வெள்ளை வினிகர் வெறும் அசிட்டிக் அமிலமும் தண்ணீரும்; அது தனியாக அவ்வளவாக இழுக்காது. ஆப்பிள் சிடர் வினிகர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கறுத்துப்போன வாழைப்பழத்தில் ஒரு துண்டு நசுக்கிப் போட்டால் சரியாகிவிடும். கடைசியாக, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரே ஒரு சொட்டு. இதை மறந்தால் எல்லாம் வீண். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி இருப்பதால் இந்த ஈ அதன்மேல் நின்று நிதானமாகக் குடித்துவிட்டுப் பறந்துவிடும். சோப்பு அந்தத் தோலைத் தளர்த்திவிடும், கால் வைத்ததும் முங்கும். பத்துச் சொட்டு விட்டால் நுரையும் எலுமிச்சை மணமும்தான் மிஞ்சும், ஈ வராது. வேண்டுமானால் கடலை மடிக்கிற மாதிரி காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஒரு ஈ நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டு, கிளாஸ் வாயில் சொருகலாம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சோப்புச் சொட்டு சரியாக இருந்தால் கூம்பு இல்லாமலே அதே அளவு விழுகிறது என்பது என் அனுபவம்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அதைக் கொண்டுவந்து குடிக்கிற மேஜையிலேயே வைப்பார்கள். அது விருந்தாளிக்கு வாசற்படிவரை விளக்கு பிடிப்பது மாதிரி. இந்த ஈ வாசனை வருகிற திசையை நோக்கி, காற்றுக்கு எதிராகப் பறந்து வரும். ஆகவே உங்கள் மேஜையைத் தாண்டிக் காற்று எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். எதிர்க்காற்றில் வருகிறவை முதலில் அதைச் சந்திக்கும், அங்கேயே தங்கிவிடும். காற்றுத் திசை தெரியாவிட்டால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் புகையைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். நீங்கள் ஊற்றுவதற்கு அரை மணி முன்னால் பலிகிளாஸ் இடத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று: வாசனை பிடித்து நெருங்கி வந்தபிறகு அவை கண்ணால்தான் இடத்தைக் குறிவைக்கும், அதுவும் வெளிச்சமான பின்னணியில் அடர்ந்து தெரிகிற பொருளை. வெள்ளை விரிப்பில் ரெட் வைன் என்பது இலக்குப் பலகை மாதிரி. உங்கள் மேஜைக்கு அடர்நிற விரிப்பு போட்டு, வெள்ளையைப் பலிகிளாஸுக்குக் கீழே போட்டுவிடுங்கள்.

மேஜை விசிறியும் நல்ல ஆயுதம். காற்று வேகமாக அடித்தால் இவ்வளவு சின்ன உடம்பு எதிர்த்துப் பறக்க முடியாது, வாசனைத் தடமும் கலைந்துவிடும். கிளாஸுக்கு மேலே நேராக அடிக்காமல் குறுக்கே ஓடும்படி, குறைந்த வேகத்தில் வையுங்கள். நேராக அடித்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மணமும் சேர்த்துப் பறக்கும்.

மற்ற வைத்தியங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கற்பூரம், ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாம் ஈயை விரட்டுவதற்கு முன்னால் வைனைக் கொன்றுவிடும். குடிக்கிற பொருளுக்குப் பக்கத்தில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. டென்னிஸ் மட்டை மாதிரி மின்சார பேட் கொசுவுக்குச் சரி. இவற்றில் பாதி கம்பிக்கு நடுவில் புகுந்து போய்விடும். கிராம்பு குத்திய எலுமிச்சையை நானும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வாரம் எலுமிச்சை அழுகி, அதன்மேல் ஈ உட்கார்ந்திருந்தது.

உண்மையாகவே அவை வெறுக்கிற வாசனை ஒன்று உண்டு. முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்புகிறதே, அந்த மண்வாசனை. அதிலிருக்கிற ஜியோஸ்மின் என்ற பொருளை, ஆகாத நுண்ணுயிர் வளர்கிற இடம் என்பதற்கு அடையாளமாக இந்த ஈ எடுத்துக்கொள்ளும். அதை மட்டும் பிடிக்கத் தனி நரம்புப் பாதையே மூளைக்குப் போகிறது. 2012-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. நமக்குச் சொர்க்கம், அதற்குப் பாழும் கிணறு. ஆனால் வைனில் ஜியோஸ்மின் சேர்ந்தால் ஈரக்கோணி நாற்றம் என்று வைன்காரர்கள் தூக்கிப்போட்டுவிடுவார்கள். ஆக, இந்த வழியும் அடைபட்டது.

இப்போது மூலத்துக்கு வருகிறேன். ஒரு பெண் ஈ வாழ்நாளில் நானூறு முட்டை வரை இடும். சமையலறையில் வாழைத்தாரைத் தொங்கவிட்டிருக்கிறீர்களா? பழத்தைவிடக் காம்பு முறிந்த இடத்தைப் பாருங்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு சாக்கின் அடியில் ஒன்று அழுகி ஒட்டியிருக்கும். பிழிந்து காயப்போடாத தரைத் துடைப்பான், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு, கழுவாமல் மூலையில் சேர்த்துவைத்த காலி பாட்டில்கள். வைன் குடிக்கிற வீட்டில் கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் குற்றவாளி. பாட்டில் அடியில் இருக்கிற அரை ஸ்பூன் போதும், ஒரு தலைமுறை வளர. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் வெந்நீர் மட்டும் ஊற்றிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். உட்சுவரில் வழவழப்பாகப் படிந்திருப்பதில்தான் புழு இருக்கும், நீளப் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். எது மூலம் என்று சந்தேகமாக இருந்தால், ராத்திரி கண்ணாடி டம்ளரை அந்த இடத்தின்மேல் கவிழ்த்து வையுங்கள். காலையில் உள்ளே ஈ நின்றால் முகவரி கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும் சுத்தம் செய்த மறுநாளும் ஈ வரும். அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே கூடு கட்டியவை வெளியே வந்துகொண்டிருக்கும். ஆராய்ச்சிக்கூடப் பெட்டியின் 25 டிகிரியில் பத்து நாள் கணக்கென்றால், இந்தக் குளிரில் இரண்டு வாரம், மார்கழி தையில் மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை பலிகிளாஸைத் தினமும் மாற்றி வைத்துக்கொண்டே இருங்கள். பழைய கரைசலை அப்படியே விட்டுவிட்டால் சில நாளில் அதுவே நாற்றங்காலாகிவிடும்.

நீங்கள் சொன்னதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: வீட்டுக்குப் பின்னால் பக்கத்து எஸ்டேட்டின் காப்பிக் களம் என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் இந்த ஈக்குத் திருவிழாதான். நவம்பர் கடைசியிலிருந்து பல்ப்பர் ஓடும். பழத்தின் தோலும் சதையும் பிரித்துக் குவிப்பார்கள். கொட்டையின் மேலிருக்கிற வழவழப்பை நீக்கத் தொட்டியில் ஊறப்போட்டுப் புளிக்கவும் வைப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து கிளம்புகிற வாசனைக்கும் உங்கள் வைனுக்கும் ஈயின் மூக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. நேராகப் போய்ச் சண்டை போட வேண்டாம். மேஸ்திரியிடம், “அண்ணே, தோலை வீட்டுப் பக்கம் குவிக்காம, குழியில போட்டு மேல மண்ணு தள்ளிடுங்க, உங்களுக்கும் நல்ல உரமாச்சு” என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லிப் பார்த்தோம், கேட்டார்கள். ஒரு சாண் மண் மூடினாலே அங்கே வந்து போகிற கூட்டம் பெருமளவு குறையும். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்திருந்தால் அறுவடை முடிகிறவரை சாயங்காலம் மூடியே வையுங்கள்.

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஊற்றியதும் தக்கையைத் திருப்பி அடைத்துவிடுங்கள். கிளாஸில் விழுந்தால் ஒரு கிளாஸோடு போகும். பாட்டிலுக்குள் போனால் காலில் ஒட்டிவருகிற அசிட்டோபாக்டர் நுண்ணுயிரும் கூடவே போகும். காற்று படப்பட அது ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும். ஒரே ராத்திரியில் நடக்காது. ஆனால் பாதிப் பாட்டிலைத் திறந்தபடி அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால் சாலட்டுக்குத்தான் ஆகும். ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ரெட் வைனைக் குளிர வைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள், சரியாகிவிடும்.

உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்றும் உங்கள் மனைவி கேட்டிருந்தார். ஒரு ஈ விழுந்த வைனைத் தெரியாமல் குடித்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் புளிப்பிலும் ஆல்கஹாலிலும் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. ருசிதான் போகும். விழுந்து அரை நிமிடத்துக்குள் பார்த்துவிட்டீர்கள், வயிற்று நுனி கறுப்பாக இருக்கிறது, ஆண் என்று உறுதி என்றால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடியுங்கள், நான் குடிப்பேன். பெண்ணாக இருந்தால் அந்தக் கிளாஸை அப்படியே பலிகிளாஸில் கொட்டி, ஒரு சொட்டு சோப்பு சேர்த்துவிடுங்கள். நாளைக்கு வைனுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.